எண்ணெய்ச் சட்டி ஏறாத அடுப்பு

"கடையை நான் திறப்பேன். எண்ணெய்ச் சட்டி மட்டும் ஏறாது."

பதினாறாம் நாள் சடங்குக்குக் கூடியிருந்த சொந்தக்காரர்கள் நடுவில் நான் இப்படிச் சொன்னதும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

என் வீட்டுக்காரர் நாறும்பூநாதன் அந்த வருஷம் மாசியில் போய்விட்டார். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். சீசன்தோறும் ஐந்தருவிப் பாதையில், திருப்பத்தில், ஏத்தங்காய் வறுவல் கடை போட்டவர்; நேந்திரங்காயைத்தான் நாங்கள் ஏத்தங்காய் என்போம். குளித்துவிட்டு இறங்கி வருகிற கூட்டம் முதலில் கால் நிறுத்துகிற இடம் அது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். துட்டி நடந்த வீட்டில், அதாவது சாவு விழுந்த வீட்டில், வருஷ திவசம் கழியும்வரை எண்ணெய்ச் சட்டி வைத்துப் பலகாரம் சுடக்கூடாது. தீபாவளி வந்தாலும் வெளியார் கொடுப்பதைத்தான் வாங்கித் தின்ன வேண்டும். இந்த வழக்கத்தைத்தான் என் கொழுந்தன் பலவேசம் கையில் எடுத்துக்கொண்டான்.

"வீட்டு அடுப்புக்கு உள்ளதுதான் கடை அடுப்புக்கும். மதினி சட்டி வைக்க முடியாது. வறுவல் இல்லாம அது கடையும் இல்ல. இந்த வருசம் அந்த இடத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்.

எங்களுக்குப் பிள்ளை கிடையாது. கொள்ளி வைத்தது அவன்தான். ஒரு சீசன் கைமாறின இடம் மறு சீசனுக்குத் திரும்பி வராது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த இடம் போனால் நான் என் அண்ணன் வீட்டு அடுப்படிக்குப் போக வேண்டும். அங்கே எனக்கு ஒரு பாய் உண்டு, ஒரு தட்டு உண்டு. வேறு ஒன்றும் கிடையாது.

ஆனி பிறந்தது. சாரல் விழுந்தது. அருவியில் தண்ணீர் வந்துவிட்டது என்று எங்கள் ஊர் மேலகரத்துக்குச் செய்தி வந்த மறுநாள் விடிகாலை, நான் கடைக்கு வேண்டியதை வண்டியில் ஏற்றினேன்.

எண்ணெய் இல்லாமல் கையில் எடுத்துத் தொட்டுத் தின்ன என்னென்ன உண்டு என்று நான்கு மாதம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து யோசித்திருந்தேன். வறுவலை ஜனங்கள் ஏன் தின்கிறார்கள்? கையில் பிடிக்க வாட்டம், பல்லுக்கு வேலை, நாக்குக்கு உப்பு. ஆனால் தின்ற பிறகு வயிற்றில் கல்லாக உட்கார்ந்துகொள்கிறது. உட்காராத பண்டமாக, லேசானதாகக் கொடுத்தால் என்ன?

வெள்ளரிப் பிஞ்சை நீளவாக்கில் கீறி ஈரத்துணியில் சுற்றினேன். ஏத்தங்காயைத் தோலோடு ஆவியில் வேகவைத்து ஒரு கூடை நிறைய அடுக்கினேன். கனலில் சுட்டெடுக்க உளுந்தப்பளம் ஒரு கட்டு. தொட்டுக்கொள்ளப் பொரிகடலையும் தேங்காயும் வைத்து அரைத்த துவையல் ஒரு சட்டி; இஞ்சியும் பச்சை மிளகாயும் நசுக்கிப் போட்ட தயிர்ப் பச்சடி ஒரு சட்டி. என் மத்தியானச் சாப்பாட்டுக்கென்று வேறு கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.

வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். "எண்ணெய் டின்னை மறந்துட்டியளாக்கா?"

"மறக்கல. வண்டியை விடு" என்றேன்.

ஐந்தருவிப் பாதையில் கடைகள் விழித்துக்கொண்டிருந்தன. என் கடைக்கு அடுத்தது ஹாஜரா பீவியின் பழக்கடை. மங்குஸ்தானை அடுக்கிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் எழுந்து வந்து ஓலைத் தட்டியைத் தூக்கிக் கட்ட உதவினாள். வெள்ளைச் சேலையில் என்னை அவள் அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறாள். தட்டியைக் கட்டி முடித்த பிறகு, "எதிர்ல பாத்தியளாக்கா?" என்றாள்.

பார்த்தேன். பாதைக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில், புதுப் பந்தல். பெரிய இரும்புச் சட்டியில் தேங்காய் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சட்டியடியில் நின்றது பலவேசத்தின் மச்சினன். பலவேசம் சட்டியிலிருந்து இரண்டடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"கேட்டதுக்கு, சட்டியில நிக்கது நான் இல்ல, என் மச்சினன்னு சொல்லுதாவ" என்றாள் ஹாஜரா.

குடையைப் பிடித்துக்கொண்டு வல்லிநாயகம் அண்ணாச்சி வந்தார். அந்தப் பாதையோரம் முழுவதையும் சீசனுக்குக் குத்தகை எடுத்து எங்களுக்கெல்லாம் இடம் கொடுப்பவர் அவர். கூடைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். வெள்ளரிக் கூடையைப் பார்த்ததும் குடையைச் சாய்த்துவிட்டார்.

"ஆவுடை, நான் ஒன்னயக் குத்தம் சொல்லல. இந்தத் திருப்பத்துக்கு வந்தா வறுவல் வாசம் மூக்குல ஏறணும். ஆளு நிக்கணும். இங்கன நின்னாத்தான் அடுத்தடுத்த கடைக்கு நகரும்."

"நிக்கும் அண்ணாச்சி."

"எதைப் பாத்து நிக்கும்? வெள்ளரிக்காயைப் பாத்தா?"

"நிக்க வைக்கேன்."

அவர் எதிர்ப்பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார். "சாயங்காலம் விளக்கு வைக்க நேரத்துக்கு வாரேன். கூடையெல்லாம் இப்படியே நெறஞ்சு கெடந்தா, நாளைக்கு இந்த இடத்துல பலவேசம் சட்டி ஏறும். நான் கெட்டவன் இல்ல தாயி. குத்தகை எடுத்தவன்."

"சாயங்காலம் வாங்க" என்றேன்.

அடுப்பைப் பற்றவைத்தேன். கரி கனிந்தது. கூட்டமும் வந்தது. தலை சொட்டச் சொட்ட, துண்டைப் போர்த்திக்கொண்டு, பல் தந்தியடிக்க வந்தார்கள். வந்து என் கடை முன்னால் நின்றார்கள். மூக்கைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"வறுவல் இல்லியா?"

"இல்ல. வெள்ளரிப் பிஞ்சு இருக்கு. பச்சடி தொட்டுத் தின்னலாம். லேசா இருக்கும்."

"வெள்ளரியா" என்று சிரித்துவிட்டு எதிர்ப்பக்கம் போனார்கள்.

ஒரு பெண் நின்று என் நெற்றியைப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். காதில் சொன்னது எனக்கும் கேட்டது. வெள்ளைச் சேலைக்காரி கையால் வாங்கி ஊருக்குக் கிளம்புவதா என்பது அவள் கவலை.

"யோசிக்காதீய. ஊருக்குப் போற வழியெல்லாம் வெள்ளைச் சேலைக்காரிதான் இருப்பா" என்றேன். அவள் விறுவிறுவென்று போய்விட்டாள். எனக்கு வியாபாரம் போயிற்று. ஆனால் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை.

கிளையிலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்து வெள்ளரிப் பிஞ்சு ஒன்றைப் பறித்துக்கொண்டு ஓலைக்கூரைமேல் ஏறியது. ஒரு கடி கடித்தது. திரும்ப என் காலடியில் போட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் வறுவல் பொட்டலத்தோடு நின்றவர் மேல் பாய்ந்தது.

"குரங்கும் வேண்டாங்குதேக்கா" என்றாள் ஹாஜரா. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். என் வீட்டுக்காரர் போனபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் ஒருவர் நின்றார். நல்ல ஸ்தூலமான ஆள். வெள்ளரிக்குக் கை நீட்டவும் செய்தார். அவர் பெண்சாதி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச ஒடம்புக்கு வெள்ளரியும் தயிருமா? ராத்திரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கவா?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். எனக்குத் தெரியாததா? என் வீட்டுக்காரர் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தயிர்ச் சட்டியை அவர் இலைப் பக்கமே கொண்டுபோக மாட்டேன். இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் உச்சியிலிருந்து பாதம்வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் அருவிக்கடியில் நிற்கிறார்கள். நான்கு மாதம் அடுப்பு வெக்கையில் உட்கார்ந்து யோசித்ததில், லேசானது என்றாலே குளிர்ச்சியானது என்று என் புத்தி போயிருந்தது. சாரலிலும் அருவியிலும் நனைந்து வருகிறவனுக்கு வேண்டியது கையைச் சுடுகிற பண்டம். வறுவல் விற்றது மொறுமொறுப்புக்காக மட்டுமல்ல, சூட்டுக்காகவும்தான்.

வெள்ளரிக் கூடையைப் பின்னால் தள்ளினேன். அப்பளத்தை எடுத்துக் கனலில் காட்டினேன். அது பொரிந்து சுருண்டது. வாசத்துக்கு இரண்டொருவர் வந்தார்கள். ஆனால் சாரல் காற்று விட்டால்தானே. தீயிலிருந்து எடுத்து இலைத்துண்டில் வைத்து நீட்டுவதற்குள் அப்பளம் நமுத்து, நனைந்த துணிபோல் தொங்கியது. ஒருவர் வாங்கினதைத் திருப்பி வைத்துவிட்டே போனார்.

அப்போதுதான் பலவேசம் பாதையைத் தாண்டி வந்தான். கையில் வாழையிலைத் துண்டு. அதில் சூடான வறுவல்.

"மதினி, காலையில இருந்து வெறும் வயித்தோட இருக்கீய. ரெண்டு எடுத்து வாயில போடுங்க."

எதிர்ப்பக்கம் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்காகத்தான் கொண்டுவந்தான்.

"துட்டி வீட்டுக்காரி தின்னலாமா தம்பி?" என்றேன்.

"வெளியில இருந்து வந்தா தின்னலாம். வழக்கம் அப்படித்தானே."

"அப்ப நீங்க வெளியாளா?"

அவன் திரும்பித் தன் பந்தலைப் பார்த்தான்.

"வெளியாள்னா சொல்லுங்க, ஆசையா வாங்கித் தின்னுதேன். ஆனா வெளியாளுக்கு இந்த இடத்து மேல என்ன பேச்சு? வீட்டாளுன்னா அதையும் சொல்லுங்க. அண்ணன் செத்து வருசம் திரும்பல. எதிர்ல கொதிக்க சட்டி யாரோடது?"

"சட்டியில நிக்கது என் மச்சினன்" என்றான்.

"எண்ணெய் யாரு வாங்கினா?"

இலையோடு திரும்பிப் போனான். ஹாஜரா ஒரு மங்குஸ்தானை உடைத்து எனக்கு நீட்டினாள். "நான் வெளியாள்தான்க்கா. பயமில்லாம தின்னுங்க" என்றாள்.

பேச்சில் ஜெயித்ததால் கூடை காலியாகவில்லை. வேகவைத்த ஏத்தங்காய் ஆறி விறைத்துக் கிடந்தது. அதைத் துவையலோடு நீட்டினால் முகத்தைச் சுளித்தார்கள்.

உச்சிப்பொழுது சாய்கிற நேரத்துக்குப் பேராச்சி மதினி வந்து இறங்கினாள். என் வீட்டுக்காரருக்கும் பலவேசத்துக்கும் மூத்தவள். கடையத்தில் வாக்கப்பட்டவள். அவள் வாய்க்கு அந்தக் குடும்பத்தில் பயப்படாத ஆள் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவள் இடுப்பில் ஒரு எண்ணெய் டின் இருந்தது.

"என்னட்டி, கடையா இது? ஈ கூட வரல" என்று டின்னை இறக்கி வைத்தாள். "எடு சட்டியை."

"எந்தச் சட்டியை?"

"எண்ணெய்ச் சட்டியைத்தான். நான் கட்டிக்குடுத்த வீட்டுக்காரி. எனக்குத் தீட்டு என்னைக்கோ கழிஞ்சுபோச்சு. எங்க வீட்டு அடுப்புல நான் தெனமும் எண்ணெய்ச் சட்டி வைக்கேன். இங்கன நான் நின்னு வறுத்தா எவன் கேப்பான்? எண்ணெயும் என் புருசன் வீட்டு எண்ணெய். பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டாந்திருக்கேன்."

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. எதிரில் பலவேசம் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காள் சட்டியில் நின்றால் அவன் வாயைத் திறக்க முடியாது. சாயங்காலத்துக்குள் கூடை காலியாகிவிடும். இடம் தங்கிவிடும்.

"வேண்டாம் மதினி" என்றேன்.

"என்னது?"

"இன்னைக்கு உங்க கையை நம்பிச் சட்டியை ஏத்தினா, நீங்க கடையம் போற அன்னைக்கு இறக்கணும். அன்னைக்குப் பலவேசம் தம்பி இங்கன வந்து நிப்பாரு. நான் சட்டி ஏறாதுன்னு சொல்லியிருக்கேன். ஏறாது."

"எனக்குத் திமிரு காட்டுதியா?"

"உங்களுக்கு இல்ல."

"பின்னே யாருக்கு? செத்தவனுக்கா?"

அவளிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. தேங்காய் எண்ணெய் காய்கிற வாசம்தான் அவருடைய வாசம். சட்டைக் கழுத்தில், விரலிடுக்கில், தலையணையில் அதுதான் இருந்தது. காலையிலிருந்து எதிர்ப் பந்தலிலிருந்து அது வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். என் கடைக்குள்ளேயே அந்த வாசம் எழுந்து, சட்டியடியில் வேறொரு ஆள் நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது. அதை எப்படிச் சொல்வது? வழக்கத்தைச் சொல்லிவிட்டேன். வழக்கத்தை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

"என் தம்பி ஒன்னயக் கெட்டின அன்னைக்கே சொன்னேன், இவ வளையமாட்டா, முறிஞ்சாலும் முறிவான்னு" என்று மதினி சேலைத் தலைப்பை உதறினாள். "நீ கெட. நான் வந்ததுக்கு அருவியிலயாவது குளிச்சுட்டுப் போறேன்." டின்னை அங்கேயே விட்டுவிட்டு மேலே ஏறிப் போனாள்.

எனக்கும் பசித்தது. என் சாப்பாட்டுக்கென்று எடுத்து வந்த பச்சை ஏத்தங்காய் இரண்டைக் கனலுக்குள் புதைத்தேன். காணத் துவையல் இருந்த கிண்ணத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். கொள்ளு என்று மற்ற ஊரில் சொல்வதை நாங்கள் காணம் என்போம். அதை வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, மிளகாய் வத்தல், புளி, பூண்டு, உப்பு வைத்து அம்மியில் அரைக்க வேண்டும். உடம்புக்குச் சூடு. விற்பதற்கென்று அதை நான் நினைக்கவே இல்லை. கடையில் வைத்து விற்கிற பண்டமா அது? காணம் என்றாலே குதிரைக்கு வைப்பது என்பார்கள்.

காய் வேகுமுன் மதினி திரும்பி வந்துவிட்டாள். ஈரத்தலை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கோபம் அருவியில் கரைந்துவிட்டதா, குளிரில் உறைந்துவிட்டதா என்று தெரியவில்லை. பேசாமல் அடுப்படியில் குந்தினாள். கையைக் கனலுக்கு நேரே பிடித்தாள். பிறகு சாம்பலுக்குள் கிடந்ததை ஒரு குச்சியால் உருட்டி வெளியே தள்ளினாள்.

"சுடும் மதினி."

"சுடட்டும்."

கரிந்த தோலை ஊதி ஊதி உரித்தாள். உள்ளே மஞ்சளாக ஆவி பறந்தது. ஒரு விள்ளலைப் பிய்த்துக் காணத் துவையலில் தோய்த்து வாயில் போட்டாள். மென்றாள். அடுத்த விள்ளல். அப்புறம் நிறுத்திவிட்டுக் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"இது தம்பி மத்தியானத்துல தின்னதுல்லா" என்றாள்.

ஆமாம். ஊருக்கெல்லாம் வறுத்துக் கொடுத்தவர் வறுவலைத் தின்னமாட்டார். நாள் முழுக்க எண்ணெயில் நிற்கிறவனுக்கு எண்ணெயே ஆகாது என்பார். சட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுப்புச் சாம்பலில் ஒரு காயைச் சுட்டு, நான் கொடுத்துவிட்ட காணத் துவையலைத் தொட்டுத் தின்பார். நான் அதைக் கடைப் பண்டம் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அது அவருடைய சாப்பாடு.

மதினி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அடுத்த விள்ளலை எடுத்தாள். "உறைப்பு நெஞ்சு வரைக்கும் இறங்குது. குளிர் ஓடிட்டு" என்றாள், யாருக்கோ சொல்வதுபோல.

கேட்டது யாரோ ஒருவருக்குத்தான். தலை துவட்டாத ஒரு மனிதர் கடை முன்னால் நின்றார். "ஆச்சி, என்ன அது? எனக்கும் ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க."

"ஆச்சியா? ஒமக்கு என்ன வயசு? எனக்கு ஒம்ம வயசுதான் இருக்கும். தலையில முடி இல்லாததுனால நீரு எனக்கு அண்ணாச்சின்னு நான் சொல்லட்டுமா?"

"அண்ணாச்சின்னே சொல்லுங்க. ஒண்ணு குடுங்க. கை வெறைக்கு."

இரண்டாவது காயை உரித்து, இலைத்துண்டில் வைத்து, ஓரத்தில் துவையலை வழித்து வைத்தேன். அவர் நின்றபடியே தின்றார். தின்னும்போது அவர் காதிலும் நெற்றியிலும் வேர்த்தது. பாதையில் போன தன் கூட்டத்தைக் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

அதன்பிறகு எனக்கு நிமிர நேரமில்லை. காலையில் வேகவைத்து ஆறிக் கிடந்த காயெல்லாம் இப்போது உதவியது. முன்னமே வெந்தது, கனலில் போட்டுத் தோல் கருகும்வரை புரட்டினால் போதும். சட்டென்று சூடாகக் கைக்குப் போயிற்று. கிண்ணத்துத் துவையல் நாலு இலைக்குக்கூட வரவில்லை. மதினி கீழ்க்கடைக்கு ஓடிக் காணமும் வத்தலும் வாங்கி வந்தாள். கடையில் உப்பும் வத்தலும் நசுக்கக் கிடந்த சின்ன அம்மியை முன்னால் இழுத்துப்போட்டு, ஈரச்சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அரைக்க உட்கார்ந்தாள். நான் மண்சட்டியில் காணத்தை வறுத்துக் கொட்டக் கொட்ட அவள் அரைத்தாள். வெந்நீர் விட்டு இளக்கினாள், தோய்த்துத் தின்ன வாட்டமாக.

அரைத்துக்கொண்டே வாயும் ஓடியது. "வாங்க, வாங்க. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சீயளா? நல்லது. வெளியில தேய்ச்சது போதும், உள்ளுக்கும் எதுக்கு எண்ணெய்? இதைத் தின்னுங்க."

காலையில் புருஷன் கையைத் தட்டிவிட்டாளே, அந்த அம்மாள், தானே வந்து இரண்டு இலை வாங்கிப் போனாள்.

பலவேசம் வந்தான். "மண்சட்டியில என்ன வறுபடுது? வறுக்கக் கூடாதுன்னுதானே பேச்சு?"

"காணம் வறுக்கேன். வெறும் சட்டி" என்றேன்.

"எண்ணெய் விடாம இந்த வாசம் வராது. அங்கன எண்ணெய் டின் இருக்கே, நான் பாக்கலையா?"

"டின் மூடி திறக்கல. சந்தேகம்னா சட்டியைத் தடவிப் பாருங்க."

கோபத்தில் இருந்தவன் நிஜமாகவே விரலை விட்டான். விட்ட வேகத்தில் எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"எண்ணெய் இருந்துச்சா அண்ணாச்சி?" என்று ஹாஜரா அடக்கமாகக் கேட்டாள்.

"சூடு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடைகளில் விளக்கேற்றுகிற நேரத்துக்கு வல்லிநாயகம் அண்ணாச்சி வந்தார். ஏத்தங்காய்க் கூடையைக் கவிழ்த்துக் காட்டினேன். உள்ளிருந்து ஒரு காம்பு விழுந்தது. எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கடைசிக் காயை உரித்து அவருக்குக் கொடுத்தேன். நின்றபடியே தின்றார்.

"வெள்ளரி அப்படியே கெடக்கு?"

"அது என் தப்பு அண்ணாச்சி. நாளைக்கு வராது."

"துவையல்ல உறைப்பு கூடுதல்."

"சாரலுக்கு வேணும்."

"வேணுந்தான்" என்று ஒத்துக்கொண்டார். இலையை எறிந்துவிட்டுக் கையைக் கழுவினார். பலவேசமும் வந்து நின்றான்.

பேராச்சி மதினி அம்மியை விட்டு எழுந்தாள். "அண்ணாச்சி, நீங்க நாயம் சொல்லுங்க. பதினாறாம் நாள் பந்தல்ல இவன்தான் சொன்னான், கடை அடுப்பும் வீட்டு அடுப்பும் ஒண்ணுன்னு. நான் கேட்டேன், ஊரே கேட்டுது. அண்ணன் செத்த துட்டி தம்பிக்குக் கெடையாதா? ஏலே பலவேசம், ஒன் மச்சினன் நின்னா ஒன் அடுப்பு அவன் அடுப்பாயிருமா? இப்பவே அந்தச் சட்டியை இறக்கச் சொல்லுங்க."

வல்லிநாயகம் அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். சாமிக்கும் சம்பிரதாயத்துக்கும் பயந்தவர். "பேராச்சி சொல்லுததும் சரிதானே பலவேசம்" என்றார்.

பலவேசத்தின் முகம் செத்துவிட்டது. அந்தப் பந்தலுக்கு அவன் எவ்வளவு பாடுபட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். சீசன் முழுக்க அந்தச் சட்டியை நம்பித்தான் அவன் வீடும் இருந்தது.

"இறக்க வேண்டாம் அண்ணாச்சி" என்றேன்.

மதினி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அம்மிக் குழவியே உடைந்திருக்கும்.

"அவரு வறுக்கட்டும். வறுவல் வேணுங்கிறவங்க அங்கன போகட்டும். எதிர்ல வறுவல் இருக்கும்போதே என் கூடை காலியாச்சு. அது இல்லாம காலியானா, வேற வழி இல்லாமத் தின்னாங்கன்னு சொல்லுவாவ. எனக்கு அந்தப் பேச்சு வேண்டாம். இந்த இடம் மட்டும் எனக்கு."

அண்ணாச்சி சிரித்தார். "இடம் ஒனக்குத்தான் தாயி. அதுல இனிப் பேச்சில்ல. வருசம் கழியட்டும். அடுத்த சீசனுக்கு நீயும் சட்டியை ஏத்திக்க, நாறும்பூ பேரு நிக்கட்டும்."

"ஏறாது அண்ணாச்சி."

"அடுத்த வருசம் வழக்கம் தடுக்காதே."

"வழக்கம் தடுக்காது. நான் ஏத்தமாட்டேன்."

அதுவரை வழக்கத்தின் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தேன். இப்போது அது இல்லாமல் நின்றேன்.

"தம்பி" என்று பலவேசத்தைப் பார்த்துச் சொன்னேன், "அவுக எண்ணெய்ச் சட்டி வீட்டுல சும்மா கெடக்கு. கனமான சட்டி. உங்களுதைவிட நல்லது. வேணும்னா வந்து எடுத்துக்கிடுங்க. சட்டியைத் தாரேன். இடத்தைத் தரமாட்டேன்."

அவன் கண் ஒரு நொடி கலங்கியது. அண்ணன் மேல் அவனுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அத்தனை பேர் பார்க்க நின்றுகொண்டிருந்தவனுக்கு நான் சட்டியைத் தருகிறேன் என்றது அடியைவிட வலித்திருக்க வேண்டும். சுட்ட விரலை மடக்கிக்கொண்டான்.

"சட்டி யாருக்கு வேணும்? கொள்ளி வச்சவன் நான். அண்ணன் சட்டியும் இடமும் வீடும் யாருக்குன்னு நீங்க சொல்லக் கூடாது மதினி. வார ஞாயித்துக்கிழமை மேலகரத்துல சொந்தக்காரங்களைக் கூட்டுதேன். அவங்க சொல்லட்டும்."

வீடு என்ற சொல் அன்றைக்குத்தான் முதலில் அவன் வாயிலிருந்து வந்தது. பேராச்சி மதினி என் கையைப் பிடித்தாள். அவள் கை காணத் துவையலில் எரிந்துகொண்டிருந்தது.

"கூட்டுங்க தம்பி" என்றேன். "எத்தனை பேருன்னு மட்டும் முந்தின நாளே சொல்லிவிடுங்க. காணம் வறுக்கணும்."